குறைந்த செலவில் முதல் டைவ்: கோலாலம்பூர் (கே.எல்.), பினாங்கிலிருந்து எங்கே போகலாம்?

செந்தூல்_கயல்:
வணக்கம். நானும் தங்கச்சியும் ஸ்கூபா ஓப்பன் வாட்டர் சர்டிபிகேட் (டைவிங்ல முதல் படி) எடுக்கலாம்னு இருக்கோம். பஸ், படகு, ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,200 வெள்ளிக்குள்ள (மலேசிய ரிங்கிட்) முடியணும். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியும், ஆனா வேகம் கிடையாது. லீவு ஆகஸ்ட் கடைசியில கிடைக்கும், இல்லாட்டி தீபாவளியை ஒட்டி. பெர்ஹெந்தியான், தியோமான், தாய்லாந்தோட கோ தாவ், இந்த மூணுல குழப்பம். கோ தாவ்தான் மலிவுன்னு போற இடமெல்லாம் சொல்றாங்க. இன்னைக்கும் அது சரிதானா?

ஆழிவாசி:
கயல், முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க, அப்புறம் தீவு, கடைசியா கடை. இந்த வரிசை மாறினா காசும் போகும், ஆசையும் போகும்.

தீபாவளி லீவுன்னா கிழக்குக் கரைப் பக்கமே போக வேண்டாம். அக்டோபர் பிற்பாதியிலேயே காத்து மாற ஆரம்பிச்சிடும். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூணுலயும் பெரும்பாலான ரூம்களும் டைவ் கடைகளும் மூடிக் கிடக்கும். திறந்து வச்சிருக்கிற ஒண்ணு ரெண்டு பேர் விலையைக் குறைச்சுக் கொடுப்பாங்க. அதை நம்பிப் போனா அலை மணலைக் கிளறி விட்டு, நீட்டின கை முடியற இடத்துல கலங்கல்தான் தெரியும். படகு ஓடுமா இல்லையான்னு அன்னன்னிக்குக் காலையிலதான் சொல்வாங்க. தைப்பூச லீவுக்கும் இதே பேச்சுதான்.

ஆகஸ்ட் நல்ல மாசம். கடல் அமைதியா இருக்கும், தண்ணி 28லேர்ந்து 30 டிகிரி, 3 மில்லிமீட்டர் தடிமன்ல அரைக்கை வெட்சூட் (டைவ் உடுப்பு) போதும். ஆனா மெர்டேக்கா (மலேசிய சுதந்திர தினம்) வார இறுதியைத் தவிர்த்துடுங்க. பெர்ஹெந்தியான் இருக்கிற திரெங்கானு மாநிலத்துல வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால வியாழன் சாயங்காலமே பெர்ஹெந்தியான் நிரம்ப ஆரம்பிச்சிடும். சனி ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு காலையில, தீவுக்குப் படகு ஏறற கோலா பெசுட் ஜெட்டியில இறங்கி, புதன் வரைக்கும் கோர்ஸை வச்சுக்கிட்டா கூட்டமும் குறையும், ரூம் விலையும் குறையும். முக்கியமா ஒரு பயிற்றுநர்கிட்ட மாட்டற ஆள் எண்ணிக்கையும் குறையும்.

இப்ப தீவுக்கு வருவோம். புதுசா கத்துக்கறவங்களுக்கு எது நல்ல இடம்னு கேட்டா எல்லாரும் மீனையும் பவளத்தையும் சொல்லுவாங்க. நான் கேக்கறது ஒண்ணுதான்: தரை எப்படி இருக்கு? கரையிலேர்ந்து மணல் மெதுவா சரிஞ்சு 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர்னு இறங்கணும். காரணம் காது. தண்ணி மட்டத்துலேர்ந்து 10 மீட்டர் இறங்கினா அழுத்தம் ரெண்டு மடங்காகுது, காதுக்குள்ள இருக்கிற காத்து பாதியா சுருங்குது. மொத்த டைவ்லயும் அந்த மாற்றம் வேகமா நடக்கிறது முதல் சில மீட்டர்லதான். மணல் சரிவுல இருந்தா முழங்காலை ஊனி நின்னு, மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதி, காது திறந்ததும் அடுத்த அரை மீட்டர் போகலாம். படகுலேர்ந்து நேரா 15 மீட்டர் தண்ணியில இறக்கிவிட்டா, மிதக்கவும் தெரியாது, காதும் அடைக்கும், பயமும் வரும். புதுசா வர்றவங்கள்ல நிறைய பேர் ரெண்டாம் நாளோட கோர்ஸை விட்டுட்டுப் போறது காது வலியாலதான். தரை சரியா அமைஞ்சிருந்தா அதுல பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

பெர்ஹெந்தியான்ல கெச்சில் (சின்னது), பெசார் (பெரியது)னு இருக்கிற ரெண்டு தீவும் இந்தக் கணக்குல நல்லாவே பாஸ் ஆகும். காத்து படாத குடாக்கள், வெள்ளை மணல், பக்கத்துலயே பாறைத்திட்டு. டைவ் இடங்களுக்குப் படகுல பத்து, பதினைஞ்சு நிமிஷம்தான்.

மெர்சிங்_மணி:
ஆழிவாசி அண்ணே சொன்னது சரி. ஆனா தியோமானை ஒதுக்கிடக்கூடாது. கே.எல். டி.பி.எஸ். பஸ் நிலையத்துலேர்ந்து, தியோமானுக்குப் படகு ஏறற மெர்சிங்குக்குப் பஸ் ஆறு மணி நேரம்தான், கோலா பெசுட்டுக்கு அதை விட அதிகம். தியோமான்ல தெக்கேக், ஏர் பாத்தாங்னு ரெண்டு கம்பங்களுக்கு (கிராமங்களுக்கு) நடுவுல கடல் பூங்கா நிலையம் இருக்கு, அந்தப் பக்கம் ஆழம் குறைவு. பக்கத்துலயே ரெங்கிஸ் தீவு, சின்னது, ஒரு டைவ்ல சுத்தி வந்துடலாம், கருமுனைச் சுறாக் குட்டிகள் தெரியும். ஆளைச் சீண்டாது.

தியோமான்ல தடுமாற வைக்கிறது படகு நேரம். மெர்சிங் ஆத்து முகத்துவாரம் ஆழமில்லாதது, அலை ஏத்தத்தைப் பார்த்துத்தான் ஃபெர்ரி கிளம்பும். காலை 6 மணிக்குக் கூட இருக்கும், மதியம்தான் முதல் படகுன்னும் இருக்கும். பஸ் டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி அந்த நாளோட ஃபெர்ரி அட்டவணையைப் பார்க்கலைன்னா மெர்சிங்ல ஒரு ராத்திரி ரூம் காசு கூடுதலாச் செலவாகும். கார்ல போறவங்க தஞ்சோங் கெமோக் ஜெட்டியையும் பார்க்கலாம். எங்கே இறங்கணும்னு ஃபெர்ரிக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கெந்திங், பாயா, தெக்கேக், ஏர் பாத்தாங், சாலாங்னு ஒவ்வொரு கம்பத்து ஜெட்டியா நிறுத்திப் போவாங்க, தப்பா இறங்கினா கடல் டாக்சிக்கு நல்ல காசு பிடுங்கிடும்.

பிரை_பையன்:
பினாங்குலேர்ந்து கேக்கறேன். பக்கத்துல பூலாவ் பாயார் தீவு இருக்கே, அங்கேயே கத்துக்கக் கூடாதா? இல்ல ஹட்யாய் வழியா கோ தாவ் போயிடலாமா?

ஆழிவாசி:
தம்பி, பாயார் கடல் பூங்காதான், மீனும் உண்டு. ஆனா மலாக்கா நீரிணைத் தண்ணி ஆத்து வண்டலால எப்பவும் கலங்கல். அஞ்சாறு மீட்டர் தெரிஞ்சாலே நல்ல நாள்னு வச்சுக்கணும். அங்கே பெரும்பாலும் லங்காவியிலேர்ந்து ஒரு நாள் பயணமாத்தான் கூட்டிப் போறாங்க. படகுக் காசு, சாப்பாடு எல்லாத்தையும் சேர்த்து வாங்குறதால ஒரு டைவுக்கு விழற விலை பெர்ஹெந்தியானை விட அதிகம். கடலுக்கடியில மூச்சு விட்டுப் பார்த்தா போதும்னா ஒரு நாள் போங்க. நாலு டைவ் கொண்ட கோர்ஸுக்கு ஒத்து வராது.

கோ தாவ் கணக்கைக் காகிதத்துல போட்டுப் பாருங்க. கோர்ஸ் சுமார் 11,000 பாட். நூறு பாட் 13 வெள்ளின்னு வச்சா 1,430 வெள்ளி. ரூம் பல இடங்கள்ல இலவசமா சேர்த்துத் தருவாங்க, அது நிஜமான லாபம். ஆனா பட்டர்வொர்த்துலேர்ந்து பாடாங் பெசார், அங்கிருந்து ஹட்யாய், ராத்திரி ரயில்ல சும்போன், அங்கிருந்து படகுன்னு போக ஒரு முழு நாளுக்கு மேல ஆகும். திரும்பி வரவும் அதே. பெர்ஹெந்தியான்ல கோர்ஸ் 1,200லேர்ந்து 1,500 வெள்ளி, மின்விசிறி ரூமை ரெண்டு பேர் பகிர்ந்துக்கிட்டா ஆளுக்கு ராத்திரிக்கு 40, 50 வெள்ளி, பஸ்ஸும் படகும் போக வர 200-க்குள்ள, சாப்பாடு நாளுக்கு 40. கயல் சொன்ன 2,200-க்குள்ள இது அடங்கிடும். கோ தாவ் மலிவுன்னு சொல்றது ஐரோப்பாவுலேர்ந்து வர்றவங்க கணக்கு. மலேசியாக்காரங்களுக்கு அந்த வித்தியாசம் வழிச் செலவுலயே கரைஞ்சிடும்.

கோ தாவை நான் குறை சொல்லலை. ஜப்பானிஸ் கார்டன் மாதிரி ஆழமில்லாத இடங்கள் அங்கே பிரமாதம். ஆனா அது பெரிய கடைகள் நடத்தற ஊர். ஒரு பயிற்றுநருக்கு எட்டு பேர்னு வச்சாலும் விதிப்படி அது தப்பில்ல. எட்டாவது ஆளுக்கு மாஸ்க்ல தண்ணி ஏறும்போது பயிற்றுநர் முதல் ஆளைப் பார்த்துக்கிட்டு இருப்பார். எந்த ஊரா இருந்தாலும் நாலு பேருக்கு மேல சேர்க்க மாட்டோம்னு எழுத்துல வாங்கிக்கிட்டு முன்பணம் கட்டுங்க.

கடலோரக்_கண்மணி:
வருஷக் கடைசியிலதான் லீவுன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நம்ம கிழக்குக் கரை கொந்தளிக்கும்போது அந்தமான் கடல் பக்கம் அமைதியா இருக்கும், அந்த அமைதி ஏப்ரல் வரைக்கும் நீடிக்கும். கே.எல்.-லேர்ந்து புக்கெட்டுக்கு நேர் விமானம் இருக்கு. புக்கெட்ல டைவ் கத்துக்கணும்னா ராச்சா யாய் தீவுதான். குடா, மணல் சரிவு, நீரோட்டம் குறைவு. பக்கத்துல இருக்கிற ராச்சா நோய்க்கும் ஷார்க் பாயிண்ட்டுக்கும் புதுசா வந்தவங்களைக் கூட்டிப் போறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நீரோட்டம் இழுக்கும். பினாங்குக்காரங்களுக்கு லங்காவியிலேர்ந்து கோ லிப்பே படகும் அந்த சீசன்லதான் ஓடும்.

போர்னியோவுல இருக்கிற சபா மாநிலத்தைப் பத்தியும் கேப்பாங்க. சிப்பாடான் பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் ஆசை வரும். ஆனா அது செங்குத்தா பல நூறு மீட்டருக்குக் கீழே இறங்கற சுவர். நாளுக்கு இத்தனை பேர்தான்னு அனுமதிச் சீட்டு வேற. மிதப்பைக் கட்டுப்படுத்தக் கத்துக்காதவங்களுக்கு அது இடமே இல்ல. கத்துக்க வேணும்னா கோத்தா கினபாலுவோட துங்கு அப்துல் ரஹ்மான் பூங்கா இருக்கு. ஜெசல்டன் பாயிண்ட்லேர்ந்து படகுல இருபது நிமிஷத்துக்குள்ள, ஊர்லயே மலிவான ஹாஸ்டல்ல தங்கலாம். விமான டிக்கெட் மலிவா அமைஞ்சா மட்டும் பாருங்க.

செந்தூல்_கயல்:
ரொம்ப நன்றி. ஆகஸ்ட், பெர்ஹெந்தியான்னு முடிவாயிடுச்சு. மூணு கடை விலை கேட்டேன்: 1,150, 1,350, 1,500. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒருத்தர் பாடி (PADI), மத்த ரெண்டு பேரும் எஸ்.எஸ்.ஐ. (SSI), ரெண்டும் சர்டிபிகேட் தர்ற அமைப்புகள்.

ஆழிவாசி:
பாடியா எஸ்.எஸ்.ஐ.-யான்னு தலையைப் பிச்சுக்காதீங்க. ரெண்டுமே ஒரே ஐ.எஸ்.ஓ. தரத்துக்கு உட்பட்டது, ரெண்டும் 18 மீட்டர் வரைக்கும் அனுமதிக்கும், உலகம் முழுக்க ஏத்துக்குவாங்க. விலையை மாத்தறது உள்ளே என்ன அடங்கியிருக்குங்கறதுதான். வாட்ஸப்ல இதையெல்லாம் கேளுங்க: இணையப் பாடத்துக்கான கட்டணம் சேர்ந்ததா? பாடியில சில கடைகள் அதை டாலர்ல தனியா வாங்கச் சொல்லும், 1,150 அப்படியே ரெண்டாயிரம் பக்கம் போயிடும். சர்டிபிகேட் பதிவுக் கட்டணம்? கடல் பூங்காக் கட்டணம்? மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) கையில இருந்தா அது சில வெள்ளிதான், அதனால கார்டை மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க. சாமான் வாடகையில டைவ் கம்ப்யூட்டரும் உண்டா? மொத்தம் எத்தனை நாள்? நாலு கடல் டைவ். முதல் ரெண்டும் 12 மீட்டருக்குள்ள, அடுத்த ரெண்டும் 18-க்குள்ள. அதுக்கு முன்னாடி ஆழமில்லாத தண்ணியில பயிற்சி. வீட்டுலேயே பாடத்தைப் படிச்சு முடிச்சிருந்தாலும் மூணு நாள் வேணும். ரெண்டே நாள்ல முடிச்சுத் தர்றேன்னு சொன்னா எதையோ விட்டுட்டுப் போறாங்கன்னு அர்த்தம்.

கே.எல்.-லயே பாடத்தையும் குளப் பயிற்சியையும் முடிச்சிட்டு, நாலு கடல் டைவை மட்டும் தீவுல பண்றதும் உண்டு. ரெஃபரல்னு சொல்லுவாங்க. பாடியில அந்தக் கடிதம் 12 மாசம் செல்லும். தீவுல ஒண்ணரை நாள் மிச்சமாகும், ஆனா ரெண்டு கடைக்கும் காசு கட்டறதால மொத்தச் செலவு குறையறதில்ல. லீவு கம்மியா இருக்கிறவங்களுக்கும், தண்ணியைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படறவங்களுக்கும் ரொம்ப நல்ல வழி.

மெர்சிங்_மணி:
நீச்சல் சோதனை: 200 மீட்டர், நேர வரம்பு கிடையாது. அப்புறம் 10 நிமிஷம் மிதக்கணும். வேகம் வேண்டாம். பொதுக் குளத்துல, 25 மீட்டர் குளம்னா, நிக்காம ஒரு முனையிலேர்ந்து மறுமுனைக்கு எட்டு தடவை நீந்திப் பாருங்க போதும்.

அதை விட முக்கியம் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, வலிப்பு, இதய நோய், ரத்த அழுத்தம்னு கேள்விகள் இருக்கும். சிலதுல 'ஆமா'ன்னு போட்டா டாக்டர் கையெழுத்து இல்லாம கடலுக்குள்ள விடமாட்டாங்க. அந்தப் படிவத்தைத் தீவுல போய் முதல் தடவையாப் பார்த்தா, அங்கே கையெழுத்துப் போட டாக்டர் கிடையாது. கட்டின முன்பணமும் திரும்பாது. இப்பவே கடைக்காரர்கிட்ட படிவத்தைக் கேட்டு வாங்கி, தேவைப்பட்டா செந்தூல்லயே கிளினிக்ல காட்டி முடிச்சிடுங்க. பொய்யா 'இல்ல'ன்னு போடற பழக்கம் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிற ஆள் மேல ஏறும்போது, விரியற காத்துக்கு வெளியே போக வழி இல்லாம நுரையீரல் கிழியலாம். உயிர் போற விஷயம்.

சளி இருந்தாலும் இறங்காதீங்க. மாத்திரை போட்டு இறங்கினா, பாதி டைவ்ல மருந்து வேகம் குறையும், ஏறும்போது காத்து உள்ளேயே அடைபட்டுக்கும். இறங்கும்போது காது வலிச்சா ஒரு மீட்டர் மேல வந்து மறுபடி முயற்சி பண்ணலாம். ஏறும்போது அடைச்சா என்ன ஆனாலும் மேல வந்துதானே ஆகணும்.

கடலோரக்_கண்மணி:
கடையில சாமான் கொடுத்ததும் கயல் பார்க்க வேண்டியது இது. ரெகுலேட்டரை வாயில வச்சு, அழுத்தமானியைப் பார்த்துக்கிட்டே நாலு மூச்சு நல்லா இழுங்க. முள் அசையாம 200 பார் பக்கத்துலயே நின்னா சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து ஏறினா, டேங்க் வால்வை முழுசாத் திறக்கலை. மேல நல்லா மூச்சு வரும், 15 மீட்டர்ல இழுத்தாலும் வராது. உதிரி ரெகுலேட்டர்லயும் இதையே செய்யுங்க. வாய் ரப்பர்ல பல் பட்ட கிழிசல் இருக்கான்னும் விரலால தடவிப் பாருங்க, அது வழியா உப்புத் தண்ணி சொட்டும். காத்துல எண்ணெய் நாத்தமோ புகை நாத்தமோ வந்தா அந்த டேங்க் வேண்டாம்னு சொல்லி மாத்திக்கேளுங்க. படகுல ஆக்சிஜன் பெட்டி இருக்கான்னும் கேளுங்க.

ஈயக் கட்டி இன்னொண்ணு. மாணவர் மேல மிதந்துடக்கூடாதுன்னு சிலர் கூடுதலாக் கட்டி விடுவாங்க. எடை கூடினா மிதப்புச் சட்டையில காத்தைக் கூட அடைக்கணும், கொஞ்சம் ஏறினதும் அந்தக் காத்து விரிஞ்சு பலூனா தூக்கும், இறங்கினா சுருங்கித் தொப்புன்னு விழும். பவளத்தை உடைக்கிறது பெரும்பாலும் இப்படி விழறவங்கதான். சட்டையில காத்தில்லாம, சாதாரண மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மிதந்தா தண்ணி மட்டம் கண்ணுக்கு நேரா இருக்கணும். அலுமினியம் டேங்க் காலியாகும்போது லேசாகும், அதனால அதுக்கு மேல ரெண்டு கிலோ சேர்த்தா போதும்.

புது மாஸ்க் வாங்கினா கண்ணாடி உள்பக்கம் வெள்ளைப் பற்பசை தேய்ச்சுக் கழுவுங்க, ரெண்டு மூணு தடவை. தொழிற்சாலைப் படலம் போகாம பனி மூட்டம் நிக்காது. மத்த எதையும் இப்ப வாங்காதீங்க. முகத்துல பொருந்தற மாஸ்க் மட்டும் சொந்தமா இருந்தா போதும்.

பிரை_பையன்:
டைட்டன் ட்ரிகர் மீன் கடிக்கும்னு சொல்றாங்களே?

மெர்சிங்_மணி:
கடிக்கும், கூடு கட்டியிருக்கும்போது. மணல்ல குழி மாதிரி கூடு. அது காவல் காக்கற எல்லை கூட்டுலேர்ந்து மேலாக விரிஞ்சு போற கூம்பு வடிவம். அதனால மேல ஏறித் தப்பிக்கப் பார்த்தா அதோட எல்லைக்குள்ளயே இருப்பீங்க. பக்கவாட்டுல, தரையை ஒட்டியே நீந்தி விலகுங்க. மீனைப் பார்த்தபடியே, ஃபின்னை (கால் துடுப்பை) நடுவுல வச்சுக்கிட்டு.

சைவம் சாப்பிடறவங்களுக்கு ஒண்ணு. தீவுல கங்கோங் கீரை கேட்டா பெலாச்சான் (இறால் விழுது) போட்டுத்தான் வரும். 'தா மாவ் பெலாச்சான், தா மாவ் உடாங்'னு (பெலாச்சான் வேண்டாம், இறால் வேண்டாம்) ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. ரொக்கமும் கோலா பெசுட்லயே எடுத்துடுங்க, பெர்ஹெந்தியான்ல ஏடிஎம்-மை நம்பிப் போக முடியாது.

செந்தூல்_கயல்:
கடைசியா ஒண்ணு. புதன் மதியம் கோர்ஸ் முடியுது. அன்னைக்கு ராத்திரி பஸ்லயே கே.எல். திரும்பிடலாமா? விமானம் இல்லையே.

ஆழிவாசி:
நல்லவேளை கேட்டீங்க. விமானம் ஏறாட்டியும் மலை ஏறறீங்க. பல நாள் டைவ் பண்ணினவங்க பறக்கிறதுக்கு முன்னாடி 18 மணி நேரமாவது காத்திருக்கணும்னு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்ங்கற டைவ் பாதுகாப்பு அமைப்பு சொல்லுது. 24 விட்டா இன்னும் நல்லது. உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் முழுசா வெளியேறாம உயரத்துக்குப் போனா குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். 600 மீட்டருக்கு மேல போற சாலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீங்க கே.எல். திரும்பற காராக் நெடுஞ்சாலையில கெந்திங் செம்பா அந்த அளவை ஒட்டி வருது. பிரைத் தம்பி கவனிக்க: ஜெலி - கெரிக் சாலை தித்திவங்சா மலைமேல ஆயிரம் மீட்டரைத் தொடும். பெர்ஹெந்தியான்லேர்ந்து பினாங்குக்குக் கார் எடுத்துட்டுப் போறவங்க பெரும்பாலும் அந்த வழியாத்தான் போறாங்க, அதுவும் அன்னைக்கு சாயங்காலமே.

ஏதாவது ஆனா, இந்தக் குமிழி பாதிப்புக்குச் சிகிச்சை தர்ற அழுத்த அறை மேற்குக் கரை லுமுட்ல, ராணுவ மருத்துவமனையில இருக்கு. தீவுலேர்ந்து அது நாட்டோட அந்தக் கோடி. சாதாரணப் பயணக் காப்புறுதியில டைவிங் சேர்ந்திருக்கா, எத்தனை மீட்டர் வரைக்கும், பயிற்சி டைவும் அடங்குமான்னு படிச்சுப் பார்த்து வாங்குங்க.

உங்க கணக்கு இப்படி வரும்: புதன் மதியம் 12 மணிக்குள்ள கடைசி டைவ். அன்னைக்கு மீதி நேரம் ஸ்நோர்க்கல் பண்ணலாம், ஆனா ஆழத்துக்கு முங்காம மேலாப்பலயே. நிறைய தண்ணி குடிங்க. ராத்திரி தீவுலயே தூங்கி, வியாழன் காலைப் படகுல கோலா பெசுட். அதுக்குள்ள 18 மணி நேரம் தாண்டிடும். அங்கிருந்து பகல் பஸ். நேரா கெந்திங் ஹைலண்ட்ஸ் போற யோசனை ஏதும் இருந்தா அதை அடுத்த வாரத்துக்கு வச்சுக்கோங்க.

செந்தூல்_கயல்:
சரிங்க அண்ணே. புதன் ராத்திரிக்கும் சேர்த்தே ரூம் போடறேன். மருத்துவப் படிவத்தை மூணு கடைகிட்டயும் இன்னைக்கே கேட்டுடறேன், நாலு பேருக்கு மேல இல்லைன்னு எழுதித் தர்ற கடைக்குத்தான் முன்பணம்.